கூடத்துக்கு ஒரு ஆல் இன் ஒன்: குடியாத்தம் வாசகிக்குப் பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வயது 64. குடியாத்தத்தில் நானும் கணவரும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பேரனும் இருக்கிறோம். மகள் சிங்கப்பூரில். 2014இல் வாங்கிய கணினி இப்போது திறக்கவே பத்து நிமிடம் எடுக்கிறது. விண்டோஸ் 10க்கு இனி பாதுகாப்பு கிடையாது என்று அதிலேயே அறிவிப்பும் வருகிறது. வேலூரில் ஒரு கடையில், மானிட்டரும் கணினியும் ஒன்றாகவே இருக்கும் ஆல் இன் ஒன் காட்டினார்கள். செலரான் பிராசசர், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விலை 29,990 ரூபாய். பார்க்க டிவி மாதிரி அழகாக இருக்கிறது. பேரன் லேப்டாப்தான் வேண்டும் என்கிறான். எங்கள் தேவை பாங்க் வேலை, மகளோடு வீடியோவில் பேசுவது, பட்டா, வில்லங்கம் பார்ப்பது, கணவர் சுற்றுவட்டாரக் கோயில்களைப் பற்றி எழுதும் கட்டுரைகள், பேரன் படிப்பு, இவ்வளவுதான். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. 50,000 வரை செலவு செய்யலாம். அந்தக் கணினியை வாங்கலாமா?

பதில்:

அம்மா, வணக்கம். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆல் இன் ஒன் உங்கள் வீட்டுக்குப் பொருத்தமானதுதான். ஆனால் கடையில் காட்டிய அந்த 29,990 ரூபாய் கணினியை வாங்காதீர்கள். பத்து நிமிடம் காத்திருக்கும் அலுப்பிலிருந்து தப்பிக்கத்தானே புதிது வாங்குகிறீர்கள்? அதை வாங்கினால் ஒரு வருடத்துக்குள் அதே அலுப்பு திரும்பி வந்துவிடும்.

வேலூர் சத்துவாச்சாரியில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்து எனக்கு இருபது வருடம் ஆகிறது. ஆல் இன் ஒன்னைக் கழற்றினால் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரு லேப்டாப். கணினியின் மூளையான பிராசசர் லேப்டாப்பில் வருவது, வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ராம் லேப்டாப்பில் போடும் சின்ன வகை, மெல்லிசான ஒரு ஃபேன். எல்லாம் மானிட்டரின் முதுகில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். பல மாடல்களில் கரண்ட் கொடுக்கும் அடாப்டர்கூட லேப்டாப்புக்கு வருவது போலத் தனியாக வெளியே இருக்கும். மேசைக்குக் கீழே பெட்டி கிடையாது, ஒயர் சிக்கு கிடையாது, கேமரா, மைக், ஸ்பீக்கர் மூன்றும் கூடவே வந்துவிடும். மகளோடு பேச வேண்டுமென்றால் திரை முன்னால் உட்கார்ந்தால் போதும்.

இந்த வசதிக்காக நாம் விட்டுக்கொடுப்பதும் உண்டு. பழைய சிபியு பெட்டியில் எது கெட்டதோ அதை மட்டும் மாற்றிக்கொண்டே பத்து வருடம் ஓட்டினோம். ஆல் இன் ஒன்னில் பிராசசர் பெரும்பாலும், பாகங்கள் எல்லாம் உட்காரும் பலகையான போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். சில மாடல்களில் ராமும் அப்படித்தான். திரை உடைந்தால் அதே மாடலுக்கான திரையைத் தேடிப் பிடிக்க வேண்டும். ‘இப்போதைக்கு இது போதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற நம் வழக்கமான கணக்கு இதில் செல்லாது. வாங்குகிற அன்றைக்கே சரியாக வாங்கிவிட வேண்டும். எங்கே கை சுருக்கக் கூடாது என்பதைத்தான் இந்தப் பதிலில் சொல்லப் போகிறேன்.

முதலாவது ஹார்ட் டிஸ்க். கடையில் ‘1 டிபி’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். அந்த எண் இடம் எவ்வளவு என்பதைத்தான் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. ஆல் இன் ஒன்னில் வரும் ஹார்ட் டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். அதன் மேல் ஒரு ஊசிமுனை அங்குமிங்கும் நகர்ந்து தகவலைத் தேடி எடுக்கும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறுசிறு ஃபைல்களை வெவ்வேறு இடங்களிலிருந்து கேட்கும். ஊசி ஓடி ஓடி எடுத்துக் கொடுப்பதற்குள் நமக்குப் பொறுமை போய்விடுகிறது. எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகமே இல்லை, எல்லாம் சில்லுகள்தான், கேட்ட உடனே எடுத்துக் கொடுக்கும். கணினி மெதுவாகிவிட்டது, பிராசசர் போய்விட்டது என்று சொல்லி என் கடைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டதிலேயே சரியாகிவிட்டன. உங்களுக்கு 512 ஜிபி எஸ்எஸ்டி தாராளம். மகள் அனுப்பும் படங்கள் நிறையச் சேர்ந்துவிட்டால் தனியாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டு வைக்கலாம்.

அடுத்தது ராம். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி. குறைந்தபட்சம் என்றால் திறக்கும் என்றுதான் பொருள், நிம்மதியாக வேலை செய்யலாம் என்று பொருள் இல்லை. பிரவுசரில் பாங்க் பக்கம் ஒன்று, பேரனின் பாட வீடியோ ஒன்று, கணவரின் கட்டுரை ஒன்று திறந்திருந்தால் 4 ஜிபி நிரம்பிவிடும். நிரம்பியதும் மீதியை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். அந்த டிஸ்க்கும் சுற்றுகிற வகையாக இருந்தால் கணினி அசையாமல் நின்றுவிடும். அந்த 29,990 ரூபாய் கணினியில் இந்த இரண்டு குறையும் சேர்ந்தே இருக்கின்றன, அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

குறைந்தது 8 ஜிபி வாங்குங்கள், இன்னொரு ராம் போட ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும்படி பார்த்து வாங்குங்கள். இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் காட்பாடியில் வயதான ஒரு தம்பதிக்கு நானே கூடப் போய் ஒரு ஆல் இன் ஒன் வாங்கிக் கொடுத்தேன். பிராசசர் பார்த்தேன், எஸ்எஸ்டி பார்த்தேன், ராம் பற்றவைத்ததா ஸ்லாட்டில் போட்டதா என்று பார்க்கத் தவறிவிட்டேன். 4 ஜிபியோடு வந்தது, பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்று நானே அவர்களிடம் சொல்லியிருந்தேன். கூட்டப் போனபோது போர்டில் ஸ்லாட்டே இல்லை. அவர்கள் என்னை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. எனக்குத்தான் அது இன்றுவரை உறுத்துகிறது.

கடையிலேயே இதைப் பார்த்துவிட ஒரு வழி இருக்கிறது. காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொடுங்கள். ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற இடத்தில் ‘1 ஆஃப் 2’ என்று இருந்தால் ஒரு இடம் காலி. ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரியில் ‘சோடிம்’ என்று இருந்தால் கழற்றி மாட்டும் வகை. ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் பற்றவைத்தது, அப்படியானால் இருக்கிற ராமோடுதான் கடைசிவரை. அதே பக்கத்தில் டிஸ்க் என்ற இடத்தில் எஸ்எஸ்டியா, எச்டிடி எனும் சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கா என்பதும் தெரிந்துவிடும். பேரனைக் கூட அழைத்துப் போய் இந்த வேலையை அவனிடம் கொடுங்கள். விற்பனையாளர் என்ன சொன்னாலும் கணினியே சொல்வதை நம்பலாம்.

8 ஜிபியா, ஒரேயடியாக 16ஆ என்று கேட்டால், விலை வித்தியாசம் தாங்கும்படி இருந்தால் 16. 2025 கடைசியில் மெமரி சில்லுகளின் விலை உலகம் முழுக்க ஏறியது. பின்னால் மலிவாகப் போட்டுக்கொள்ளலாம் என்று முன்பு போல உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பிராசசர் விஷயத்தில் நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன். இன்டெல் ஐ3 என்றால் அதற்குப் பின்னால் உள்ள எண் 12 அல்லது 13இல் தொடங்கட்டும். ஐ3 1215யு, ஐ3 1315யு இரண்டும் உங்கள் வேலைக்குத் தாராளம். ஏஎம்டி ரைசன் 3 7320யு இருக்கும் கணினிகளும் கடையில் நிறைய உண்டு, அவையும் ஓடும், ஆனால் அந்தப் பிராசசரோடு ராம் பற்றவைத்துத்தான் வரும் என்பதால் 8 ஜிபிக்குக் குறையாமல் பாருங்கள். என்100 என்ற சிறிய இன்டெல் பிராசசர் 8 ஜிபியோடும் எஸ்எஸ்டியோடும் குறைந்த விலைக்குக் கிடைத்தால் பாங்க் வேலைக்கும் வீடியோ பேச்சுக்கும் அதுவே போதும். ஐ5, ஐ7 எல்லாம் உங்களுக்கு வீண் செலவு. டச் ஸ்கிரீனும் அப்படியே.

இனி நம் ஊருக்கே உரிய விஷயம். வேலூரை வெயிலூர் என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதில்லை. மெல்லிசான உடம்புக்குள் அடைபட்ட பிராசசர் சூடு ஏற ஏறத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அறையே கொதிக்கும்போது ஃபேன் இழுத்து விடுவதும் சூடான காற்றுதான். மே மாதத்தில் மட்டும் கணினி மந்தமாகிறது என்று வருகிறவர்கள் உண்டு, காரணம் இதுதான். ஆகவே ஷோகேஸுக்குள் வைக்காதீர்கள். சுவரை ஒட்டி வைக்காமல் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். மேற்கு ஜன்னல் வெயில் திரையிலோ முதுகிலோ விழாத இடமாகப் பாருங்கள். தூசி படாமல் இருக்கத் துணியுறை தைத்துப் போடுவார்கள், நல்லதுதான், ஆனால் அணைத்து ஆறிய பிறகுதான் போட வேண்டும்.

குடியாத்தம் என்பதால் இன்னொன்று. வீட்டிலோ பக்கத்திலோ தறி ஓடினால் பஞ்சுத் தூசி ஃபேனில் போய்ப் படிந்து கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும். குடியாத்தத்திலிருந்து என் கடைக்கு வந்த கணினிகளில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை, மாசி மாதத்தில், கோடை தொடங்கும் முன்பு, ஆள் வைத்து ஃபேனைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் ஆல் இன் ஒன் உங்களுக்கு லாபம். பழைய பெட்டியும் மானிட்டருமாகச் சேர்ந்து இழுப்பதைவிட இது மிகக் குறைவாக இழுக்கும். சாதாரண வேலையில் 40, 50 வாட் அளவில்தான் இருக்கும். இன்வெர்ட்டருக்கு அது ஒரு பாரமே இல்லை. ஆனால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு கணத்தில் கணினி அணைந்து திரும்பவும் தொடங்குகிறதா என்று பாருங்கள். வாங்கிய அன்றே, முக்கியமான வேலை எதுவும் திறந்திராதபோது, மெயின் சுவிட்சை அணைத்துச் சோதித்துவிடுங்கள். அணைந்தால் இன்வெர்ட்டரின் முதுகில் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், பல இன்வெர்ட்டர்களில் உண்டு. அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும். அப்படியும் அணைந்தால், கரண்ட் போனதும் தன் பேட்டரியிலிருந்து கொடுக்கும் யுபிஎஸ் பெட்டி ஒன்று, 600 விஏ அளவில் வாங்கினால் போதும், பேட்டரி புதிதாக இருக்கும்வரை அரை மணி நேரமாவது தாங்கும். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையா சைன் வேவ் வகையா என்றும் எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் அடாப்டர் கூடுதலாகச் சூடாகும், சின்ன இரைச்சலும் வரலாம். சைன் வேவ் நல்லது.

அதே எலக்ட்ரீஷியனை எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கணினியின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுருக்கென்று லேசாக அடிக்கிறது என்று கோடையில் பலர் வருகிறார்கள். பெரும்பாலும் கணினியில் கோளாறு இருக்காது, எர்த் குழி மண் காய்ந்து போயிருக்கும். குழியில் தண்ணீர் ஊற்றினாலே பல வீடுகளில் சரியாகிவிடும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் கன்வெர்ட்டரை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள்.

சர்வீஸ் பற்றிப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். நீங்கள் அதை முதலில் கேளுங்கள். லேப்டாப் என்றால் பையில் போட்டு வேலூர் பஸ் ஏறிவிடலாம். 24 இன்ச் ஆல் இன் ஒன் ஐந்தாறு கிலோ இருக்கும், முன்பக்கம் முழுக்கத் திரை, அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவது நடக்கிற காரியமா? ஆகவே ‘ஆன்சைட் வாரண்டி’ என்று இருப்பதையே வாங்குங்கள், ஆள் வீட்டுக்கு வந்து பார்ப்பான். உங்கள் பின்கோடுக்கு அந்தச் சேவை உண்டா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல் நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். எச்பி, லெனோவோ, டெல், ஏசுஸ், ஏசர் எல்லாருக்கும் இதற்கென்று எண் உண்டு. ஒரு வருடம்தான் வாரண்டி என்றால் மூன்று வருடத்துக்கு நீட்டிக்க என்ன ஆகும் என்றும் கேளுங்கள். ஐ3ஐ ஐ5 ஆக்கக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுப்பது எவ்வளவோ மேல். ஆல் இன் ஒன்னில் போர்டு போனால் செலவு பெரிது.

திரை 24 இன்ச்சுக்குப் பக்கமாக, ஃபுல் எச்டி, பேனல் ஐபிஎஸ் அல்லது விஏ வகை, பளபளப்பு இல்லாத மேட் பூச்சு. 27 இன்ச் கூடத்துக்கு அழகுதான், ஆனால் அதே ஃபுல் எச்டியை அதில் நீட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும்போது எழுத்தின் ஓரம் கரகரப்பாகத் தெரியும். நீங்களோ கணவரோ பைஃபோகல் கண்ணாடி போடுகிறவர்களாக இருந்தால் திரையைச் சற்றுத் தாழ்வாக வையுங்கள். படிக்கும் கண்ணாடி கீழே இருப்பதால், திரை உயரமாக இருந்தால் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டிவரும், கழுத்து வலி அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். பெரும்பாலான ஆல் இன் ஒன் ஸ்டாண்டுகள் முன்பின் சாயும், மேலே கீழே நகராது. அதனால் மேசை உயரத்தைத்தான் சரிபார்க்க வேண்டும்.

பேரன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. லேப்டாப்பில் பேட்டரி உண்டு, தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் அதை அவன் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டால் பாங்க் வேலைக்கு நீங்களும் கட்டுரைக்குத் தாத்தாவும் அவன் வாசலில் நிற்க வேண்டிவரும். மூன்று பேர் பயன்படுத்தும் கணினி கூடத்தில் இருப்பதுதான் சரி. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கும் அதுதான் நல்லது. கல்லூரிக்குப் போகும்போது அவனுக்கென்று லேப்டாப் வாங்கிக் கொடுங்கள்.

உள்ளங்கை அகலத்தில் மினி பிசி ஒன்றும் தனி மானிட்டருமாக வாங்கும் வழியும் இருக்கிறது. ஒன்று கெட்டால் மற்றது பிழைக்கும் என்பதால் என் வீட்டில் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் தனித்தனியாக வாங்கி மாட்ட வேண்டும், ஒரு ஒயர் கழன்றாலும் யாரையாவது கூப்பிட வேண்டும். உங்கள் வீட்டுக்கு அது தொந்தரவு. ஆல் இன் ஒன்னிலேயே ‘எச்டிஎம்ஐ இன்’ என்று வேறொரு கணினியின் படத்தை உள்ளே வாங்கும் வாய் இருக்கும் மாடல்கள் சில உண்டு. பெரும்பாலானவற்றில் வெளியே அனுப்பும் வாய் மட்டும்தான். ‘இன்’ இருந்தால் என்றாவது கணினி போனாலும் திரையை வேறொன்றுக்கு மானிட்டராக வைத்துக்கொள்ளலாம். ஒரே விலையில் இரண்டு மாடல் கிடைத்தால் இது இருப்பதை எடுங்கள்.

விண்டோஸும் ஆபீஸும் ஒரிஜினலாக உள்ளேயே வருகிறதா, ஆபீஸ் ஆயுளுக்கா ஒரு வருடத்துக்கா என்பதைப் பில் போடும் முன் கேளுங்கள். ‘டாஸ்’ என்று எழுதியிருந்தால் விண்டோஸ் இல்லை என்று பொருள். ‘நாங்களே போட்டுத் தருகிறோம்’ என்று சொன்னால் வேண்டாம், பாங்க் கணக்கு பார்க்கும் கணினியில் திருட்டு விண்டோஸ் கூடவே கூடாது. கணினியைத் தொடங்கியதும் விண்டோஸில் மூன்று பேருக்கும் மூன்று கணக்குத் திறந்து, பேரனுடையதை, கணினி முழுவதையும் மாற்றும் அதிகாரம் இல்லாத ஸ்டாண்டர்ட் கணக்காக வையுங்கள். அவன் எதையாவது இறக்கி வைத்தாலும் உங்கள் பாங்க் வேலைக்கு ஆபத்து குறையும். இந்த அளவில், 8 ஜிபி, 512 எஸ்எஸ்டி, ஐ3 என்று பார்த்தால் விலை உங்கள் 50,000ஐ ஒட்டி வரலாம், அன்றைய விலையைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவரின் கட்டுரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2014க்கு முன்பிருந்தே எழுதுகிறார் என்றால் பழைய ஃபைல்கள் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கலாம். புதுக் கணினியில் திறந்தால் அவை ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குழம்பித் தெரியும். பதறாதீர்கள், எதுவும் அழியவில்லை. அவற்றை, எல்லாக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றும் இலவசக் கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன, என்எச்எம் கன்வெர்ட்டர் அதில் ஒன்று. பழைய கணினி ஓடும் நிலையில் இருக்கும்போதே உட்கார்ந்து மாற்றிவிடச் சொல்லுங்கள். கோயில் கோயிலாக அலைந்து எழுதியது வேறு எங்கும் கிடைக்காது. புதிதில் தமிழ் அடிக்க எதையும் வாங்க வேண்டாம், தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, செட்டிங்ஸில் தமிழ் மொழியைச் சேர்த்து அந்த விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பழைய கணினியைப் பற்றியும் கவலை வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, 2014ஆம் வருடத்துப் பிராசசரில் விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் அனுமதிப்பதில்லை. அதில் இனி பாங்க் வேலை செய்யாதீர்கள். சின்ன எஸ்எஸ்டி ஒன்று போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் பேரன் நிரல் எழுதிப் பழக நல்ல பெட்டியாகிவிடும், இணையத்திலும் பாதுகாப்பாக இருக்கும். எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். உங்கள் பாங்க் விவரமும் குடும்பப் படங்களும் அதில் இருக்கின்றன.

புதுக் கணினி வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் திரை ஒன்று, கறுப்புத் திரை ஒன்று போட்டு எங்காவது புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். கேமராவுக்கு மூடி இருந்தால் அதைத் திறந்து மகளுக்கு ஒரு கால் போட்டு, அந்தப் பக்கம் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று கேளுங்கள். பில்லைப் போனில் படம் எடுத்து மகளுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் பரண் மேல் வையுங்கள். சர்வீஸ் ஆள் வீட்டில் சரிசெய்ய முடியாது, எடுத்துப் போக வேண்டும் என்று சொல்லும் நாளில் அந்தப் பெட்டி இல்லாமல் திரையைப் பத்திரமாக அனுப்ப முடியாது.